வீட்டுப் பொருள்களால் செய்யும் இசைக் கருவிகள்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விதை, உரம், கடன், தவணை ஆகிய விஷயங்களே பெரும்பாலும் பேசப்படும் இம்மேடையில், தகர டப்பாவையும் கொட்டாங்கச்சியையும் கொண்டு கொட்டும் குழலும் செய்வதைப் பற்றிப் பேச நான் வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் உங்களுக்கு மிகவும் வேண்டிய இரண்டு செல்வங்கள் இவ்விஷயத்தோடு சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஒன்று, வயலில் முற்றிவரும் கதிர்; மற்றொன்று, வீட்டில் வளர்ந்துவரும் குழந்தை. கதிரைக் காப்பதற்கு ஓசை வேண்டும். குழந்தையோ இயற்கையாகவே ஓசையை விரும்புவது. அந்த ஓசையை எதிலிருந்து பெறுகிறோம், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை நாம் ஆலோசிக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

ஓசைக்குக் கொடுத்த விலை

2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், தீபாவளியையொட்டி, மத்தியப் பிரதேசத்தில் போபால் முதலான ஊர்களில் நேர்ந்த துன்பத்தைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். கால்சியம் கார்பைடு என்னும் கல்லில் நீர் பட்டால் அசிட்டிலீன் என்னும் வாயு எழும்; அது தீப்பொறி பட்டவுடன் பெருஞ் சத்தத்துடன் வெடிக்கும். இவ்வாயுவைப் பிளாஸ்டிக் குழாயில் அடைத்து வெடிக்கச் செய்யும் ‘கார்பைடு துப்பாக்கி’ என்னும் கருவி, வயலில் குரங்கையும் பறவையையும் விரட்டுவதற்கென்று வழங்கி வந்தது. அது மலிவான விளையாட்டுப் பொருளாகக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. குழாய் உடனே வெடிக்காவிட்டால் சிறுவன் என்ன செய்வான்? உள்ளே எட்டிப் பார்ப்பான். அக்கணத்தில் அது வெடித்தால் அனலும் கார்பைடுத் துகளும் நேரே கண்ணில் பாய்கின்றன. அவ்வாண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் கண்ணில் காயம்பட்டு மருத்துவமனைகளுக்கு வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் சிறுவர்கள். சிலர் பார்வையையே இழந்தனர்.

இத்தகைய கருவி உங்கள் ஊர்ச் சந்தையில் விற்கப்படுமாயின் அதை வாங்காதிருப்பது மட்டும் போதாது. விற்பவரைப் பற்றி உடனே அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். எவருக்கேனும் கண்ணில் துகள் பட்டுவிட்டால், கண்ணைத் தேய்க்க விடாமல், சுத்தமான நீரை இடைவிடாது வார்த்துக் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஆயினும் ‘சத்தம் போடாதே’ என்று அதட்டிக் குழந்தையின் ஆசையை அடக்கிவிட முடியாது. தீங்கான ஓசையை விலக்க வேண்டுமானால் நல்ல ஓசைக்கு வழி காட்ட வேண்டும். அவ்வழி நம் அடுப்பங்கரையிலும் கொல்லைப்புறத்திலுமே இருக்கிறது.

நம் முன்னோர் கண்ட வழி

வீட்டுப் பொருளை இசைக் கருவியாக்குவது நம் நாட்டுக்குப் புதிதன்று. நீர் மொள்ளும் பானையே கடம் ஆயிற்று. களிமண்ணையும் மணலையும் பக்குவமாகச் சேர்த்து, சுவர் எங்கும் ஒரே கனமாயிருக்கும்படி தட்டி, மானாமதுரைக் குயவர் செய்யும் கடம் சங்கீத சபைகளில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் அமர்கிறது. 1991-இல் வெளிவந்து அமெரிக்காவின் கிராமிப் பரிசைப் பெற்ற ‘பிளானட் டிரம்’ என்னும் இசைத்தட்டில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம் அவர்கள். தென் பாண்டி நாட்டு வில்லுப்பாட்டில் வில்லுக்குத் துணையாயிருப்பது மண் குடம். அதன் வாயை மட்டையால் மோதித் தாளம் எழுப்புகிறார்கள். உலக்கையால் நெல் குற்றிக்கொண்டே பெண்கள் பாடிய பாட்டுக்கு வள்ளைப் பாட்டு என்று பெயர். சிலப்பதிகாரத்தில் அதற்கு இடம் உண்டு. பீங்கான் கிண்ணங்களில் நீர் நிரப்பிச் சிறு குச்சியால் தட்டி வாசிப்பது ஜலதரங்கம், ஆனையாம்பட்டி எஸ். கணேசன் போன்ற வித்வான்கள் அதில் கீர்த்தி பெற்றவர்கள்.

பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத கிராமத்துச் சிறுவன் முன்பெல்லாம் இல்லை. பனை ஓலையை முடைந்து, உள்ளே சிறு கற்களை இட்டுச் செய்த கிலுகிலுப்பையே தொட்டிற் குழந்தையின் முதற் கருவியாயிருந்தது. இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை. செலவில்லாமற் கிடைத்ததாலேயே அற்பமென்று எண்ணி மறந்துவிட்டோம்.

ஓசை பிறக்கும் வகை

கருவி செய்யுமுன் அதன் காரணத்தை அறிந்துகொள்வது நன்று. எந்தப் பொருள் விரைந்து நடுங்குகிறதோ அதிலிருந்து ஓசை பிறக்கிறது. நடுக்கம் விரைவானால் சுருதி ஏறும், மெதுவானால் இறங்கும். சிறியதும் இறுக்கமானதும் விரைந்து நடுங்கும். பெரியதும் தளர்ந்ததும் மெதுவாக நடுங்கும். இவ்வொரு விதியை மனத்திற் கொண்டால் எந்தக் கருவியையும் சுருதி சேர்க்கலாம்.

இதைக் குழந்தைகளுக்கு ஒரு கரண்டியால் விளக்கலாம். இரண்டு முழ நூலின் நடுவில் எவர்சில்வர்க் கரண்டி ஒன்றைக் கட்டித் தொங்க விடுங்கள். நூலின் இரு முனைகளையும் இரு சுட்டு விரல்களில் சுற்றி, அவ்விரல்களால் காதுகளை மெல்ல அடைத்துக்கொள்ளச் செய்து, கரண்டியை மேசையின் ஓரத்தில் இலேசாக மோதவிடுங்கள். அருகில் நிற்பவருக்குச் சிறு ‘டிங்’ என்ற சத்தந்தான் கேட்கும். நூலைப் பிடித்த குழந்தைக்கோ கோயில் மணியின் நாதம் கேட்கும். நடுக்கம் நூல் வழியே விரலுக்கும், விரல் வழியே காதுக்கும் ஏறுவதே காரணம்.

நம் பெரியோர் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று பகுத்தார்கள். அம்முறையிலேயே வகைக்கொன்றாகச் செய்முறை கூறுகிறேன்.

தோற்கருவி

வாயகன்ற மண் சட்டி ஒன்றையோ, இரு பக்கமும் திறந்த தகர டப்பாவையோ எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த பழுப்புக் காகிதத்தை நீரில் நனைத்து, மைதாப் பசை தடவி, மூன்று நான்கு அடுக்காகச் சட்டியின் வாய்மேல் ஒட்டி, விளிம்பைச் சணலால் இறுகக் கட்டி நிழலில் உலர்த்துங்கள். ஈரக் காகிதம் காயும்போது தானே சுருங்கி இறுகும். விரலால் தட்டினால் நல்ல ஓசை எழும். இதைவிட உறுதியாக வேண்டுமாயின் டிராக்டரின் பழைய டியூபை வட்டமாக வெட்டி, இழுத்துக் கட்டலாம். பெரிய சட்டியொன்றும் சிறிய சட்டியொன்றும் இருந்தால் தொப்பியும் வலந்தலையும் போல இரு நாதங்கள் கிடைக்கும்.

துளைக்கருவி

உள் அகலம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உள்ள மெல்லிய மூங்கிலை ரம்பத்தால் ஆறு துண்டுகளாக அறுங்கள். ஒவ்வொரு துண்டின் அடியிலும் கணு அடைப்பாக நிற்க வேண்டும். மேல்வாய் திறந்திருக்க வேண்டும். உள்ளாழம் முறையே 18, 16, 14.4, 12, 10.8, 9 சென்டிமீட்டர் இருக்கட்டும். மூங்கில் கிடையாத இடத்தில் மின்கம்பி பதிக்கும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளின் அடியைக் களிமண்ணால் அடைத்துக்கொள்ளலாம். வாயின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, குறுக்கே ஊதினால் ஒவ்வொரு துண்டும் ஒரு சுரம் பேசும். அவை ச, ரி, க, ப, த, மேல் ச என்பன. அதாவது மோகன ராகத்தின் சுரங்கள்.

இவ்வளவுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். 18-இல் பாதி 9. பாதியாகக் குறைந்த குழல் மேல் ஸட்ஜம் தரும். 18-இல் மூன்றில் இரண்டு பங்கு 12, அது பஞ்சமம். ஐந்தில் நான்கு பங்கு 14.4, அது அந்தர காந்தாரம். சுருதி கணக்குக்கு உட்பட்டது என்பதைப் பள்ளிக்கூடத்துப் பின்னத்தோடு சேர்த்து இவ்வாறு கற்பிக்கலாம். ஆயினும் கணக்கு ஓரளவே கொண்டுபோய் விடும். குழலின் வாய்க்கு வெளியேயுள்ள சிறிது காற்றும் கூடவே நடுங்குவதால், குட்டையான துண்டுகள் சற்றுத் தாழ்ந்து ஒலிக்கும். அவற்றின் அடியில் ஒரு துளி தேன்மெழுகை உருக்கி விட்டால் உள்ளாழம் குறைந்து சுருதி ஏறும். எவ்வளவு விட வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

நரம்புக்கருவி

75 சென்டிமீட்டர் நீளமுள்ள பலகை ஒன்றின் ஒரு முனையில் ஆணி அடித்து, அதில் தடித்த தூண்டில் நரம்பைக் கட்டுங்கள். பலகையை மேசையின் மேல் வைத்து, நரம்பை மறுமுனையின் விளிம்புக்கு அப்பால் தொங்கவிட்டு, அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் புட்டியைக் கட்டி, அதில் நீர் நிரப்புங்கள். நரம்பின் கீழே ஒன்றுக்கொன்று 60 சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டு மரக்குச்சிகளைக் குதிரையாக நிறுத்தி, நரம்பை மீட்டுங்கள். புட்டியில் நீர் சேரச் சேரச் சுருதி ஏறும். இழுக்கும் பாரம் நான்கு மடங்கானால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே போகும். மூன்றாவது குச்சி ஒன்றை நரம்பின் கீழ் நகர்த்தி, மீட்டும் பகுதியை 48 சென்டிமீட்டராக்கினால் அந்தர காந்தாரமும், 45 ஆக்கினால் மத்தியமமும், 40 ஆக்கினால் பஞ்சமமும், 30 ஆக்கினால் மேல் ஸட்ஜமும் பிறக்கும். பலகையின் அடியில் காலி எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து வைத்தால் நாதம் பெருகும். வீணையின் குடம் செய்யும் வேலையை இத்தகரம் செய்கிறது.

கஞ்சக்கருவி

சோடாப் புட்டி மூடிகளின் நடுவில் ஆணியால் துளையிட்டு, இரண்டிரண்டாகக் கம்பியிற் கோத்து, கவைக் கொம்பு ஒன்றில் கட்டினால் சலங்கை ஆயிற்று. கூரிய விளிம்புகளைக் கல்லில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். ஒத்த அளவுள்ள இரண்டு சம்புடத்து மூடிகள் ஜால்ராவாகும்.

கண்ணாடிப் புட்டிகளில் ஒரு விநோதம் உண்டு. வெவ்வேறளவு நீர் நிரப்பிக் குச்சியால் தட்டினால், நீர் மிகுந்த புட்டி தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். அதே புட்டியின் வாயில் ஊதினால், நீர் மிகுந்ததே உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். தட்டும்போது நடுங்குவது கண்ணாடி. நீர் அதற்குச் சுமையாகி நடுக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. ஊதும்போது நடுங்குவது உள்ளே இருக்கும் காற்று. நீர் உயர்ந்தால் காற்றின் இடம் குறுகுகிறது. குழந்தைகளிடம் காரணத்தை முன்னதாகச் சொல்லிவிடாமல், அவர்களே கண்டுபிடிக்கும்படி விட்டுப் பாருங்கள்.

கவனிக்க வேண்டிய எச்சரிக்கைகள்

பூச்சிமருந்து, களைக்கொல்லி இருந்த டப்பாவையும் புட்டியையும் எவ்வளவு கழுவினாலும் இக்காரியத்துக்கு எடுக்கவே கூடாது. வாயில் வைத்து ஊதும் கருவிக்கு இவ்விதி மும்மடங்கு பொருந்தும். கிலுகிலுப்பைக்குள் இடப் புளியங்கொட்டையோ கூழாங்கல்லோ போதும்; அழகாயிருக்கிறதென்று குன்றிமணியையும், எளிதிற் கிடைக்கிறதென்று ஆமணக்கு விதையையும் இடாதீர்கள். அவ்விரண்டும் கொடிய நஞ்சு. கிலுகிலுப்பை உடைந்து, குழந்தை ஒன்றை மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. கைக்குழந்தையின் கிலுகிலுப்பை பிரியாதவாறு நன்றாக முடையப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் ஊதிய குழலை மற்றவர் ஊதுமுன் கழுவ வேண்டும். தகரக் கொட்டைக் காதருகே அடிக்கலாகாது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையை நாள்தோறும் பல மணி நேரம் கேட்டுவரும் காது சிறிது சிறிதாகக் கெடும், கெட்ட செவி மீளாது.

வயலுக்கு உதவும் ஓசை

இனி வயலுக்கு வருவோம். குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் கிளியை ஓட்டுவதற்குத் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளைக் கையாண்டதாகச் சொல்லப்படுகிறது. அவற்றுள் தட்டை என்பது மூங்கிலைப் பலவாகப் பிளந்து ஓசையுண்டாகத் தட்டுவது. அதை நீங்களும் செய்யலாம். இரண்டடி நீள மூங்கிலில் கைப்பிடிக்கு அரையடி விட்டு, மீதியை எட்டுப் பிளவாகப் பிளந்துகொண்டு, கல்லிலோ கட்டையிலோ ஓங்கித் தட்டினால் அதன் ஓசை வயல் முழுதும் கேட்கும்.

கம்பும் சோளமும் பால் பிடிக்கும் பருவம் முதல் அறுவடை வரையில்தான் பறவைகளால் அதிக நஷ்டம். வயலின் குறுக்கே நான்கைந்து கழிகளை நட்டு, கல் கட்டிய தகர டப்பாக்களை அவற்றில் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கயிற்றால் இணைத்துப் பரண் வரையில் கொண்டுவந்தால், ஒருவர் ஓரிடத்திலிருந்தே வயல் முழுவதையும் ஒலிக்கச் செய்யலாம். பறவைகள் காலையிலும் மாலையிலும் மிகுதியாக வரும். அந்நேரங்களில் கயிற்றை இழுத்தால் போதும். நாள் முழுதும் ஓயாமல் ஒலித்தால் அவை பழகிவிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை டப்பாக்களின் இடத்தையும் ஓசையையும் மாற்றுங்கள். மயில் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காக்கப்படுவது. அதைக் கொல்வதும் நஞ்சிடுவதும் குற்றம். ஓசையால் ஓட்டினால் கதிருக்கும் காவல், சட்டத்துக்கும் பழுதில்லை.

சங்கம் செய்யக்கூடியது

இக்காரியத்தில் சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். முதலாவது, ஒரு சிறு ரம்பம், ஓர் அரம், ஒரு சுத்தி, ஒரு குத்தூசி, ஓர் அளவுகோல் ஆகியவை அடங்கிய பெட்டி ஒன்றைச் சங்கக் கட்டிடத்தில் வைக்கலாம். துணை விதிகள் இடங்கொடுக்குமாயின் பொது நன்மை நிதியிலிருந்து இதை வாங்கலாம். இல்லையேல் பழைய கருவிகளை அங்கத்தினரே கொண்டுவந்து தரலாம். இரண்டாவது, மாதத்தில் ஒரு மாலை, சங்கத்து முற்றத்தைக் குழந்தைகளுக்குத் திறந்துவிடலாம். ஊரில் தச்சர் இருக்கிறார், குயவர் இருக்கிறார், பனை ஓலை முடையும் பாட்டி இருக்கிறாள், நாதஸ்வரமோ பறையோ வாசிப்பவர் இருக்கிறார். இவர்களைவிடச் சிறந்த உபாத்தியாயர்களை நாம் வெளியூரிலிருந்து அழைத்து வரவேண்டியதில்லை. இவர்களைக் குழந்தைகளின் முன் குருவாக அமர்த்தினால், அவர்கள் கைத்தொழிலுக்கு ஊரார் செய்யும் மரியாதையாகவும் அது அமையும்.

மூன்றாவது விஷயத்தை முக்கியமாகக் கருதுகிறேன். முன் சொன்ன ஆறு மூங்கில் துண்டுகளையும் ஒரே குழந்தையிடம் கொடாமல், ஆறு குழந்தைகளிடம் ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். ஒருவனிடம் ஸட்ஜம் மாத்திரம் இருக்கும். மற்றொருத்தியிடம் காந்தாரம் மாத்திரம் இருக்கும். தனித்தனியே ஊதினால் பாட்டு வராது. எல்லோரும் ஒரே சமயத்தில் ஊதினால் இரைச்சல்தான் வரும். தன் முறை வரும் வரையில் காத்திருந்து, வந்தவுடன் தவறாமல் ஊதி, மற்றவருடைய முறையில் வாய் மூடிக் கேட்டால் மோகனம் பிறக்கும். பணக்கார வீட்டுப் பிள்ளையின் ஸட்ஜமும் கூலிக்காரர் பிள்ளையின் பஞ்சமமும் அங்கே ஒரே மதிப்புடையவை. ஒன்று குறைந்தாலும் பாட்டு ஊனப்படும்.

பங்குத்தொகை சிறிதாயினும் பெரிதாயினும் ஓர் அங்கத்தினருக்கு ஒரே வாக்கு என்பது நம் சங்கத்தின் விதி. தவணையை உரிய காலத்தில் செலுத்தாவிட்டால் அடுத்தவருக்குக் கடன் கிடைக்காது என்பதும் நாம் அநுபவத்தில் அறிந்தது. இவ்விரண்டையும் நாம் வளர்ந்தபின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். நம் பிள்ளைகள் ஒரு சாண் மூங்கிலைக் கொண்டு, எட்டு வயதிலேயே விளையாட்டாக இதைக் கற்றுக்கொள்ளக் கூடுமானால், நாளை இச்சங்கத்தை நடத்தப் போகிறவர்கள் நம்மினும் நன்றாகவே நடத்துவார்கள்.

ஆகையால், அடுத்த போகிப் பண்டிகைக்குள் உங்கள் ஊரில் ஆறு குழல்களும், இரண்டு சட்டிக் கொட்டுகளும், ஒரு ஜோடி ஜால்ராவும் குழந்தைகள் கையாலேயே செய்யப்பட்டிருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். பழைய பொருள்களை எரிக்கக் குவிக்கும் அந்நாளில், குவியலில் போடுமுன் ஒவ்வொரு டப்பாவையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். நல்ல நாதம் உள்ளதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.